கூடுதல் ஆள்

திட்டுவார்கள் என்று ரெஜினாவுக்குத் தெரியும். இவ்வளவு பேர், இவ்வளவு மனசாரத் திட்டுவார்கள் என்றுதான் தெரியாது.

‘எண்ணிக்கை’ தொடரின் பத்தாவது நாவல், கடைசி நாவல், வியாழக்கிழமை காலையில் கதைச் செயலியில் வெளியானது. மறுநாள் மதியம் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் அவள் போனைத் திறந்தாள். நானூறு விமர்சனங்கள். முந்நூறுக்கு மேல் ஒற்றை நட்சத்திரம். நட்சத்திரமே போடாமல் அனுப்ப முடியவில்லை, அதனால்தான் இந்த ஒன்று என்று ஒருவர் காரணம் வேறு எழுதியிருந்தார்.

‘வளவன் சார், பத்து பாகம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் கழுத்தை அறுத்துவிட்டீர்களே’ என்று திருச்சியிலிருந்து ஒருவர். கோயம்புத்தூரில் ஓர் அம்மாள் அன்று ராத்திரி அடுப்பே பற்றவைக்கவில்லையாம். வீட்டுக்காரர் யார் செத்தது என்று கேட்டாராம், சேவி என்றாளாம், எந்த சேவி, உனக்கு எப்படிப் பழக்கம் என்று அவர் விசாரிக்கப்போய் அது தனிச் சண்டையாம். இனி வளவன் என்ற பெயரில் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிரிக்க மாட்டேன் என்று சேலத்தில் ஒரு வாசகர் சபதமே செய்துவிட்டார்.

வளவன் சார் என்று இத்தனை நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதும், இப்போது மண்ணை வாரித் தூற்றுவதும் ரெஜினாவைத்தான். நாற்பத்தாறு வயது. சுரங்க நிறுவனத்து அலுவலகம் ஒன்றில் பதினைந்து வருஷமாகக் காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பெண் பேய்க்கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் கோயில் பங்கு முழுக்க அதுவே பேச்சாகிவிடும் என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தவர் அவள் கணவர் ஜெரால்டு ஒருவர்தான். மந்தாரக்குப்பத்தில் டூவீலர் மெக்கானிக். அவருக்குப் பயம் என்பதால் ஒரு பாகம்கூடப் படித்ததில்லை.

கதை இதுதான். வானத்தைச் சாம்பல் மூடி, ஊர் உலகமெல்லாம் அழிந்தபின், சுரங்கத்தின் அடிமட்டத்தில் ஒரு கண்ட்ரோல் ரூமில் முப்பது பேர் பிழைத்துக் கிடக்கிறார்கள். வெளியே ஏதோ ஒன்று திரிகிறது. செத்தவர்களின் முகத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கூட்டத்தோடு உட்கார்ந்துவிடும். தான் மனுஷன் இல்லை என்பது அதற்கே தெரியாது. அதனால் தினமும் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆளை எண்ண வேண்டும். ஒரு தலை கூடிவிட்டால் போச்சு. எண்ணுகிறவன் சேவி என்கிற சேவியர்ராஜ். ஒவ்வொருவர் தோளிலும் இரண்டு தட்டு தட்டி எண்ணுவான். பயந்தவனுக்குத் தைரியம் சொல்வான், இருக்கிறதைப் பங்கிட்டுக் கொடுப்பான், ஒன்பது பாகத்தில் ஒருவரையும் கைவிடமாட்டான். பத்தாவதில் ஒரு சின்னப் பெண், “மாமா, உங்கள யாரு எண்றது?” என்று கேட்டுவைக்கிறாள். எண்ணுகிறபோதெல்லாம் அவன் தன்னைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. சேர்த்தால் முப்பத்தொன்று. உண்மையான சேவி முதல் பாகத்து முதல் ராத்திரியிலேயே செத்துவிட்டான். இத்தனை பேரையும் இத்தனை நாளும் காப்பாற்றியது கூடுதல் ஆள். அவன் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவிடாமல் எழுந்து வெளியே போய், இரும்புக் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொள்கிறான். இதற்குத்தான் இவ்வளவு அமளி.

திட்டுகிறவர்கள் திட்டட்டும், அது ஒரு பாசம்தான் என்று ரெஜினா மனசைத் தேற்றிக்கொண்டாள். அவளைக் கலக்கியது ஐந்து நட்சத்திரம் போட்ட ஒரு பாராட்டு. தர்மபுரி ஆசிரியர் ஒருவர் பத்து பாகத்தையும் இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதியிருந்தார்: ‘சேவி எல்லோருக்கும் சோறு பங்கிடுகிறான். அவன் ஒரு வாய் சாப்பிட்டதாக எங்கேயும் இல்லை. முதல் பாகத்திலேயே துப்பு வைத்த ஆசிரியரின் மூளையை என்னென்பது!’

ரெஜினா எந்தத் துப்பும் வைக்கவில்லை. சத்தியமாக அவளுக்கு அது தெரியவே தெரியாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சேவியர்ராஜ் என்பது அவள் தம்பியின் பெயர். கதையில் வரும் பெயர் மட்டுமல்ல, நடையும் பேச்சும் அவனுடையவை. ஆறு வருஷத்துக்கு முன் எழுத ஆரம்பித்தபோது பத்துப் பேர் படித்தால் அதிகம் என்று நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தாள். நாற்பதாயிரம் பேர் படிக்கத் தொடங்கிய பிறகு பெயரை மாற்றமுடியவில்லை. அட்டைப்படம் வரைகிறவர் முகத்துக்கு ஏதாவது மாதிரி கொடுங்கள் என்று கேட்டபோது தம்பியின் கல்யாண போட்டோவை அனுப்பிவைத்ததும் இவள்தான். புத்தி கெட்டுப்போனால் ஒரேயடியாகக் கெட்டுப்போகும்போல.

நேரில் அவனோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. ரெஜினாவுக்கு இருபத்துநாலு வயதாக இருக்கும்போது அப்பா சுரங்க வேலையில் இருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு ஒருவருக்கு நிரந்தர வேலை. இவள் பி.எஸ்சி. முடித்திருந்தாள். தம்பிக்கு இருபது, ஐ.டி.ஐ. பெண் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போய்விடும் என்றாள் அம்மா. எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற தாளில் ரெஜினா கையெழுத்துப் போட்டாள். அவன் பெர்மனென்ட் ஆனான், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவள் வாடகை வீட்டிலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். பதினாறு வருஷம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்த அன்று நன்றாகத் திறந்தாள்.

அவன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. பந்தியில் அவன் மனைவி கிறிஸ்டினா சாதாரணமாகத்தான் கேட்டாள்: “அண்ணி, உங்களுக்கு இன்னும் காண்ட்ராக்ட்தானா?” அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆனால் ரெஜினாவுக்கு எங்கிருந்தோ சுர்ரென்று ஏறியது. “நான் விட்டுக்கொடுத்ததைத்தானே நீங்க எல்லாரும் சோறா தின்னுகினு இருக்கீங்க” என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். இலையில் கைவைத்திருந்த சேவியர்ராஜ் அப்படியே எழுந்து கைகழுவினான். அவ்வளவுதான். பேச்சு நின்றது. அந்த மாசமே அவள் ‘எண்ணிக்கை’யின் முதல் பாகத்தை எழுத உட்கார்ந்தாள். நேரில் கேட்கத் தெரியாத மன்னிப்பை ஒன்பது பாகம் எழுதிக் கேட்டாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். பத்தாவது பாகத்தை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நெல்லிக்குப்பம் சித்தப்பா, சைமன்ராஜ். சர்க்கரை ஆலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், எப்போதும் உரக்கப் பேசுகிறவர், இன்று குரலே எழும்பவில்லை.

“ஏம்மா ரெஜினா, கூடப் பொறந்தவன் பூட்டான். எங்களுக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? போஸ்டரப் பாத்து எவனோ வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?”

“யாரு சித்தப்பா? யாரு பூட்டது?”

“யாரா? நம்ம சேவிம்மா! பஸ்ல வந்துகினு இருக்கோம். எப்ப எடுக்கறாங்க?”

அவள் தம்பியின் நம்பரைத் தேடிப் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். பிஸி. செத்த வீட்டு போன் அப்படித்தான் இருக்கும். ஜெரால்டு பைக்கை எடுத்தார்.

போகிற வழியெல்லாம் ரெஜினா அழவில்லை. அழுகை வரவில்லை. கடைசியாகத் தம்பியிடம் சொன்ன சொல் எது என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. தின்னுகினு இருக்கீங்க. ஒருவனைப் பார்த்து ஓர் அக்கா கடைசியாகச் சொல்கிற சொல்லா அது? ஆறு வருஷத்தில் இரண்டாயிரம் நாள் இருக்கின்றன. ஒரு நாள் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். மாதாவே, மாதாவே என்று ஜெரால்டின் முதுகில் தலையை முட்டிக்கொண்டாள்.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் ஷிப்ட் பஸ் நிற்கிற இடம். முதல் ஷிப்ட்டுக்கு நிற்கிறவர்கள் அங்கே செய்தித்தாளை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் பார்ப்பது சுவரில் இருக்கிற அஞ்சலிப் போஸ்டரைத்தான். யார், எந்த பிளாக், எந்த ஷிப்ட் என்று படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அந்தச் சுவர் நெடுக வரிசையாகத் தம்பியின் முகம்.

“கொஞ்சம் நிறுத்துங்க.”

‘கண்ணீர் அஞ்சலி’ என்று கறுப்பில் கொட்டை எழுத்து. கீழே, ‘எங்கள் ஷிப்ட் தலைவன், ஒருவரையும் கைவிடாத அண்ணன் சேவியர்ராஜ் அவர்கள் மறைவுக்கு ஆறாத் துயரத்துடன்.’ மறைவு என்று வியாழக்கிழமைத் தேதி. அதற்கும் கீழே, கண்ணை இடுக்கினால் தெரிகிற எழுத்தில்: ‘சேவி படை, பண்ருட்டி.’ அது ஏதோ கபடிக் குழு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அந்த முகம் போட்டோ அல்ல, பத்தாம் பாகத்தின் அட்டைப்படம். வியாழக்கிழமை, நாவல் வெளியான நாள்.

ரெஜினா அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். இப்போது அழுகை வந்தது. தம்பி சாகவில்லை என்று ஒரு அழுகை, இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் தான்தான் என்று ஒரு அழுகை. இரண்டும் கலந்து வந்ததில் சிரிப்புப் போல ஒரு சத்தம் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், “சொந்தமாம்மா?” என்று பரிவாக விசாரித்தார்.

“ஆமாங்க. தம்பி.”

“நல்ல மனுஷன்மா” என்றார் அவர். அவருக்குச் சேவியர்ராஜைத் தெரியவே தெரியாது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

விஷயம் விளங்கியதும் ஜெரால்டு தலையைச் சொறிந்தார். “ஆளு நல்லாத்தான இருக்கான்? திரும்பிடலாமா? போன்ல சொல்லிக்கலாம். இப்ப போனா கேள்வி மேல கேள்வி வரும்.”

திரும்பலாம்தான். இந்தப் போஸ்டருக்கும் ரெஜினாவுக்கும் தொடர்பு உண்டென்று யாருக்குத் தெரியும்? பண்ருட்டிப் பசங்கள் செய்த குறும்பு என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் கால் மணி நேரம் அவளுக்குத் தம்பி செத்திருந்தான். அந்தக் கால் மணி நேரத்துக்கு அப்புறம் எப்படித் திரும்பிப் போவது?

“வேணாம். வண்டிய வூட்டாண்டயே வுடுங்க” என்றாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஐஸ் பெட்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஷிப்ட் நண்பர்கள் யாரோ முந்திக்கொண்டு புக் செய்துவிட்டார்கள். டிரைவர், பெட்டியை இறக்கணுமா வேண்டாமா, ஒன்று சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா சைமன்ராஜ் மடியில் ரோஜா மாலையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கிறிஸ்டினா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் லுங்கியும் பனியனுமாக சேவியர்ராஜ். ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்து, சூடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு போனார்கள்.

அவன் எதிரில் ஓர் இளைஞன் கைகட்டி நின்றான். அருண்ராஜ், பண்ருட்டியில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன், சேவி படை என்கிற வாசகர் கூட்டத்தின் தலைவன். விஷயம் காதுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடிவந்திருக்கிறான். வந்தவன் மன்னிப்பை மறந்துவிட்டுப் பக்தனைப் போல நின்றான்.

“அண்ணே, அச்சு அசல் அவரேதாண்ணே நீங்க! இருபது வூட்டுச் செவுத்துல நானே பசை தடவி ஒட்டினேன். இப்ப கண்ணெதிர்ல உசுரோட நிக்கிறீங்க. எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியலண்ணே.”

“மொதல்ல போயி அத்தயெல்லாம் கிழி” என்றான் சேவியர்ராஜ். அப்போதுதான் ரெஜினாவைப் பார்த்தான். சித்தப்பா, மாலை, டீ, எல்லாம் ஒரு கணம் அப்படியே நின்றன. ஆறு வருஷக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அவளும் போனாள்.

பின்னால் துணி துவைக்கிற கல். அவன் அதில் உட்கார்ந்தான், அவள் நின்றாள். நாற்பத்திரண்டு வயசுக்குள் அவன் காதோரம் இவ்வளவு நரைத்துவிட்டதா என்று பார்த்தாள். அட்டைப்படத்தில் நரை இல்லை.

“பயந்துட்டியா?” என்று கேட்டான்.

“செத்துட்டேன்டா.”

“நானும் வெள்ளிக்கெழமையே செத்துட்டேன். படிச்சு முடிச்சப்ப.”

“உனக்குத் தெரியுமா, நான்தான்னு?”

“மூணாவது பாகத்துலேர்ந்து படிக்கிறேன். என்கூட ஷிப்ட்ல பிரவீன்குமார்னு ஒருத்தன், உன் பேர்ல ஒரு ஹீரோ இருக்கான் பாருன்னு காட்டினான். தோள்ல ரெண்டு தட்டு தட்டி எண்றது அப்பா பழக்கம். வேளாங்கண்ணி பஸ்ல நம்மள அப்பிடித்தான எண்ணுவாரு? இருந்ததே ரெண்டு பேரு, அதையும் எண்ணுவாரு. அது வேற யாருக்குத் தெரியும்?”

“ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீ சொன்னியா?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு துணிக்கல்லை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டான். “மறைக்காம சொல்லு. கூடுதல் ஆள் நான்தானா?”

அது வெறும் கதைடா என்று சொல்லியிருக்கலாம். நானூறு பேருக்கும் அந்தப் பதில் போதும். இவனுக்குப் போதாது.

“எழுதறப்ப தெரியல. தானா வந்துச்சு. வந்தப்புறம் படிச்சுப் பாத்தா நடுங்கிடுச்சு. அழிக்கணும்னு நெனச்சேன். அழிக்கல. எனக்குள்ள அது இருந்துருக்குது சேவி. ஆனா எல்லாரையும் காப்பாத்தினது அவன்தான்னும் எழுதியிருக்கேனே, அதையும் நான்தான எழுதினேன்?”

“அங்கதான் அழுதேன். பத்து பாகம் ஓட ஓட வெரட்டுன. ஒரு வாய் சோறு போடலியேக்கா எனக்கு” என்றான்.

தர்மபுரி ஆசிரியர் மேதை என்று கொண்டாடியதைத் தம்பி எப்படிப் படித்திருக்கிறான் என்று தெரிந்ததும் ரெஜினா கல்லின் ஓரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அன்னிக்குப் பந்தியில நான் பேசினது தப்பு. உன் புள்ள விசேஷத்துல அப்பிடிப் பேசினதுக்கு என் நாக்கு அழுகணும். மன்னிச்சுடு.”

“பேசினது தப்பு. பேசின விஷயம் தப்பில்ல.” அவன் அவளைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துப் பேசினான். “அந்த பேப்பர அம்மா உன்கிட்ட நீட்டினப்ப நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். உனக்கு வேணுமாக்கான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. கேட்டா, வேணும்னு சொல்லிடுவியோன்னு பயம்.”

கேட்டிருந்தாலும் உனக்குத்தான்டா கொடுத்திருப்பேன். அக்காமார்கள் சொல்கிற பதில் அது. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ரெஜினா அதை விழுங்கினாள்.

“சொல்லியிருப்பேன்” என்றாள். “எனக்கு அந்த வேல வேணும்னுதான் இருந்துச்சு. ரொம்ப ஆசயா இருந்துச்சு சேவி.”

இருபத்திரண்டு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெரால்டிடம்கூட இல்லை. சொல்லி முடித்ததும் தம்பி இன்னொரு தடவை எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்தான், அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். “தெரியும்” என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு முன்னால் ஐஸ் பெட்டி வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

கிறிஸ்டினா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இருவரையும் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். “அண்ணி, இட்லி வச்சிருக்கேன். சித்தப்பாவும் சாப்புடல. வாங்க.”

சேவியர்ராஜ் எழுந்தான். “வாக்கா. அத்தன பேரும் கொழம்பிப் போயி உக்காந்துருக்காங்க. செத்தது யாரு, கொன்னது யாருன்னு நீயே வந்து சொல்லிடு.”

பங்கு முழுக்கப் பேசும். ஆபீசில் பேசுவார்கள். பேசட்டும் என்று ரெஜினா முன்னால் வந்து நின்றாள். சித்தப்பா, அக்கம்பக்கத்தார், ஷிப்ட் ஆட்கள் என்று இருபது பேர் இருந்தார்கள். “அந்த போஸ்டர்ல இருக்கிறது கதையில வர்ற சேவிங்க. கதை எழுதினது நான்தான். வளவன்றது என் பேருதான்.”

சித்தப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. அருண்ராஜுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தபடி அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்பதாயிரம் பேர் சார்பாகவும் அவனுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது.

“ஏங்க்கா? தங்கமான மனுஷங்க்கா அவரு. அவரப் போயி ஏங்க்கா வெளியில அனுப்பினீங்க?”

சேவியர்ராஜ் ரெஜினாவின் தோளைத் தொட்டு உள்ளே போகச் சொன்னான். பிறகு அருண்ராஜ் பக்கம் திரும்பினான்.

“அது எங்க வூட்டு வெஷயம்பா” என்றான்.